பதினான்காம் நாளுக்கு முன் ஒரு கோடு

கிள்ளானில் நான் போய்வந்த சிகிச்சை மையத்தின் காத்திருப்பு அறையில், பெண்கள் ஒருவர் பெயரை ஒருவர் கேட்பதற்கு முன்பே கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்று உண்டு. "எத்தனாவது நாளு?" கரு வைத்து எத்தனை நாள் ஆகிறது என்று அர்த்தம். அதற்குப் பதில் சொன்னதும் குரலைத் தாழ்த்திக்கொண்டு அடுத்த கேள்வி வரும். "வீட்ல டெஸ்ட் பண்ணிப் பாத்திங்களா?"

இப்போதெல்லாம் என்னிடம் யாராவது அப்படிக் கேட்டால், குரலைத் தாழ்த்தாமல் சத்தமாகவே பதில் சொல்கிறேன். டாக்டர் சொன்ன நாளுக்கு முன்னால் அந்தக் கர்ப்பப் பரிசோதனைக் குச்சியைத் தொடாதீர்கள். வாங்கவே வாங்காதீர்கள். இந்தப் புத்திமதியைச் சொல்ல எனக்கு எல்லாத் தகுதியும் இருக்கிறது. பதினான்காம் நாள் பார்க்கச் சொன்னதை மூன்றாம் நாளே பார்த்தவள் நான்.

என் பெயர் வாசுகி. கோலசிலாங்கூரிலிருந்து தஞ்சோங் காராங் போகும் வழியில் உள்ளே தள்ளியிருக்கிற செம்பனைத் தோட்டத்தில், ஆபீஸ் கிராணி வேலை. எடைமேடையில் ஏறும் பழ லோரிகளின் எடையை எழுதுவது, சீட்டு கொடுப்பது, சம்பளக் கணக்கு பார்ப்பது. என் கணவர் கதிர் அதே தோட்டத்தில் பழ லோரி ஓட்டுகிறார். நாங்கள் இருக்கும் வீட்டு வரிசையை இன்னமும் லயம் என்றுதான் சொல்கிறோம், எல்லாம் கல்வீடாகிவிட்டாலும். எங்களோடு கதிரின் அம்மா இருக்கிறார். நான் அவரை அத்தை என்று கூப்பிடுவேன்.

எனக்குப் பொறுமை என்பது கொஞ்சமும் கிடையாது. சோறு வெந்துவிட்டதா என்று மூன்று தடவை மூடியைத் திறந்து பார்ப்பேன். லிஃப்டில் பொத்தானை அமுக்கிக்கொண்டே இருப்பேன். அப்படிப்பட்டவளுக்குக் கல்யாணமாகி ஒன்பது வருஷம் பிள்ளை இல்லை. வயதும் முப்பத்தெட்டு ஆகிவிட்டது. இதைப் படிக்கிறவர்கள் என்மேல் கொஞ்சம் இரக்கப்பட்டுவிட்டு மேலே போகலாம்.

முதலில் எடுத்தது ஒரு எக்ஸ்ரே. கர்ப்பப்பைக்குள் சாயம் செலுத்தி, அது குழாய்கள் வழியாக வெளியே வருகிறதா என்று பார்ப்பார்கள். வலிக்காது, லேசாகச் சுருக்கென்றிருக்கும் என்றார்கள். பச்சைப் பொய். எனக்கு உயிர் போய்விட்டு வந்தது. சாயம் இரண்டு பக்கமும் போகவில்லை. டாக்டர் ஒரு சீனப் பெண்மணி, மெதுவான மலாய் மொழியில் பேசுவார். ஒரு தாளைத் திருப்பி வைத்துப் படம் வரைந்தார். முட்டை இந்தக் குழாய் வழியாகத்தான் வர வேண்டும், இரண்டு குழாயும் அடைத்திருக்கிறது என்றார்.

கதிர் படத்தை உற்றுப் பார்த்தார். "ரெண்டு ரோடும் குளோஸ். அப்ப எந்தப் பக்கமா போறது, டாக்டர்?"

"ரோடே வேண்டாம்" என்று டாக்டர் சிரித்தார்.

அதுதான் எங்களுக்குச் சொல்லப்பட்ட சிகிச்சை. ஊசி போட்டு நிறைய முட்டைகளை வளர்ப்பது, அவற்றை வெளியே எடுத்துக் கணவருடைய அணுவோடு சேர்ப்பது, ஐந்து நாள் ஆய்வுக்கூடத்தில் வளர்த்துக் கருவாக்கித் திரும்பக் கர்ப்பப்பைக்குள் வைப்பது. அடைத்துக் கிடக்கும் குழாய்களுக்கு அதில் வேலையே இல்லை. செலவுக்குச் சேமநிதியிலிருந்து எடுத்தோம். ஒரு முறைதான், இன்னொரு முறை என் உடம்பும் தாங்காது, கையிருப்பும் தாங்காது என்று ஆரம்பிக்கும்போதே நானும் கதிரும் முடிவு செய்துகொண்டோம்.

ஊசி மருந்துகளைக் குளிர்பெட்டியில் வைக்க வேண்டும். அத்தை அதற்காக மேல் தட்டைக் காலி செய்தார். கருவாடு, பெலாச்சான் என்கிற இறால் விழுது, முதல் நாள் மீன்குழம்பு எல்லாம் கீழே இறங்கின. தட்டை மஞ்சள் தண்ணீரால் துடைத்துவிட்டு, "இந்தத் தட்டுல இனிமே யாரும் கவுச்சி வக்கக் கூடாது" என்று உத்தரவு போட்டார். பத்து நாள் என் ஊசி மருந்து சுத்த சைவமாக இருந்தது. சாயங்காலம் ஏழு மணிக்கு நானே வயிற்றில் குத்திக்கொள்வேன். இருபது டன் பழத்தை ஏற்றிக்கொண்டு மழையில் செம்மண் ரோட்டில் லோரி ஓட்டுகிற மனிதர், பக்கத்தில் உட்கார்ந்து கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, "ஆச்சா? ஆச்சா?" என்று கேட்டுக்கொண்டிருப்பார்.

கடைசி ஊசி மட்டும் தனி. வளர்ந்த முட்டைகளைப் பழுக்க வைப்பது அது. சொன்ன நிமிஷத்தில் போட வேண்டும். போட்டு ஒன்றரை நாள் கழித்து மயக்க மருந்து கொடுத்து முட்டைகளை எடுப்பார்கள். இந்த ஊசியைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை.

முட்டை எடுத்து நான் கண் விழித்தபோது மிஸ்ஸி புவனா பக்கத்தில் நின்று ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். எங்கள் ஊர்ப்பக்கம் தாதியை, அதாவது நர்ஸை, மிஸ்ஸி என்றுதான் சொல்வோம். புவனா ரவூப் பக்கத்துப் பெண், வாய் ஓயாது, கைராசி. என்னென்ன சாப்பிடலாம், எதைத் தூக்கக் கூடாது, எப்போது டெஸ்ட் பண்ணக் கூடாது, ஏன் பண்ணக் கூடாது என்று ஒன்று விடாமல் சொன்னாளாம். நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டினேனாம். கூரை விசிறி அழகாகச் சுற்றியது மட்டும்தான் எனக்கு ஞாபகம். கதிர் அப்போது மைலோ வாங்கப் போயிருந்தார்.

ஏழு முட்டை கிடைத்தது. நான்கு கருவானது. ஒவ்வொரு நாள் காலையும் ஆய்வுக்கூடத்திலிருந்து போன் வரும். நான்கு மூன்றானது, மூன்று இரண்டானது. ஐந்தாம் நாள் ஒன்று. ஒன்றே ஒன்று. உறைய வைத்துப் பின்னால் பயன்படுத்த வேறு எதுவும் மிஞ்சவில்லை. டாக்டர் ஒளித்துப் பேசவில்லை. நல்ல கருதான், ஆனாலும் ஒட்டுமா ஒட்டாதா என்று யாராலும் சொல்ல முடியாது என்றார்.

கரு வைக்கும்போது மூத்திரப்பை நிறைந்திருக்க வேண்டும், அப்போதுதான் ஸ்கேனில் சரியாகத் தெரியும். ஒரு லிட்டர் தண்ணீரைக் குடித்துவிட்டுப் படுத்திருந்தேன். டாக்டர் வயிற்றில் கருவியை வைத்து அழுத்தியபோது நான் கும்பிடாத சாமி இல்லை. திரையில் ஒரு சின்ன வெள்ளைப் புள்ளி போய் உட்கார்ந்தது. கதிர் தலையில் பச்சைத் தொப்பியோடு எட்டிப் பார்த்தார்.

"அதானா?"

"அதான்" என்றாள் புவனா.

அவர் அந்தப் புள்ளிக்குக் கையெடுத்துக் கும்பிட்டார். திரும்பி வரும்போது முப்பது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் வண்டியை மிதிக்கவில்லை. ஜெராம் தாண்டும்போது ரொட்டி விற்கும் பாய் மோட்டார் சைக்கிளில் எங்களை முந்திக்கொண்டு போனார். போகும்போது பரிதாபமாகத் திரும்பி வேறு பார்த்தார்.

அடுத்த பதினான்கு நாள்தான் சிகிச்சையிலேயே கஷ்டமான பகுதி, ஏனென்றால் செய்வதற்கு ஒன்றும் இல்லை. கர்ப்பத்தைத் தாங்கவைக்கும் ஹார்மோன் மாத்திரையை மூன்று வேளையும் கீழ்வழியாக உள்ளே வைத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். அந்த மாத்திரையே மார்பு வலி கொடுக்கும், தூக்கம் கொடுக்கும், மாதவிலக்கையும் தள்ளிப்போடும். அதனால் உடம்பு சொல்வதை நம்ப முடியாது. நெஞ்சு கனத்தால் சந்தோஷம், கனக்காவிட்டால் பயம். ஆபீசில் எடைச்சீட்டு எழுதுவதற்கு நடுவில் ரகசியமாக நெஞ்சைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொள்வேன்.

மூன்றாம் நாள் பொறுமை தீர்ந்தது. கோலசிலாங்கூர் மருந்துக்கடையில் காசு வாங்கும் பெண் கதிருக்கு அத்தை மகள். அங்கே வாங்கினால் நான் வீட்டுக்கு வருவதற்குள் சேதி வந்துவிடும். அதனால் தஞ்சோங் காராங்வரை போய், நாலு குச்சி உள்ள பாக்கெட் ஒன்றை வாங்கி வந்தேன். குளியலறையில் கதவைத் தாழிட்டுக்கொண்டு பார்த்தேன். முதல் கோடு பளிச்சென்று. பக்கத்தில் இன்னொன்று, லேசாக, ஆனால் இருந்தது.

கதிரைப் பின்வாசலுக்கு இழுத்துப் போனேன். அவர் குச்சியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"ரெண்டு தெரியிதுல்ல?"

"தெரியிது வாசு. எனக்குந் தெரியிது."

அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். ஒன்பது வருஷத்தில் அவர் என் முன்னால் அழுது நான் பார்த்ததில்லை. அன்று பார்த்தேன். இரத்தப் பரிசோதனை முடிகிற வரைக்கும் அத்தையிடம்கூடச் சொல்லக் கூடாது என்று சத்தியம் பண்ணிக்கொண்டோம். கதிர் அந்தச் சத்தியத்தைக் காப்பாற்றினார். ஒரு வார்த்தைகூட வாய் திறந்து சொல்லவில்லை. அப்படியும் சேதி எப்படி வெளியே வந்தது என்பதைத்தான் இப்போது சொல்லப்போகிறேன்.

ஐந்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. எங்கள் தோட்டத்து அம்மன் கோயில் திருவிழா. ரதம் லயத்து முனைக்கு வரும்போது சூறைத்தேங்காய் உடைப்பது கதிர்தான். அவர் அப்பா செய்த வேலை, அவருக்குப் பிறகு இவர். ஒரு மூட்டைத் தேங்காயையும் மடமடவென்று உடைத்துத் தள்ளுவார், பிள்ளைகள் பொறுக்க ஓடும். ஆனால் மனைவி வயிற்றில் பிள்ளை இருக்கும்போது கணவன் தேங்காய் உடைக்கக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். முடிவெட்டவும் கூடாது. எனக்கு இதெல்லாம் அந்த நேரத்தில் ஞாபகத்துக்கு வரவேயில்லை. கதிருக்கு வந்திருக்கிறது.

உறுமிமேளம் நெருங்கி வந்தது. கோயில் தலைவர் மூட்டையை அவிழ்த்துவிட்டுக் கூப்பிட்டார். "கதிரு, வாடா, ரதம் வந்திருச்சி."

"இல்லண்ணே. கை வலி. இந்த வருசம் வேற யாரயாச்சும் ஒடைக்கச் சொல்லுங்க."

"எந்தக் கை?"

கதிர் இடது கையைத் தூக்கிக் காட்டினார்.

"நீ சோத்துக் கையாலதான்டா ஒடைப்ப!"

கதிருக்குப் பொய் வராது. தலையைக் குனிந்துகொண்டு சிரித்துவிட்டார். அத்தை அவர் முகத்தைப் பார்த்தார். திருவிழாவுக்குக்கூட வெட்டாமல் காதை மூடிக்கொண்டிருந்த முடியைப் பார்த்தார். பிறகு திரும்பி என்னைப் பார்த்தார். நான் கிராணி, ஆனால் அன்றைக்குக் கணக்குப் போட்டது அத்தை.

பக்கத்து வீட்டுச் சாந்தாக்கா குலவை போட்டே விட்டார். அவ்வளவுதான். ரதம் நின்றது நின்றபடி, பெண்கள் என்னைச் சுற்றிக்கொண்டார்கள். அம்மன் காலடியில் இருந்த எலுமிச்சம்பழம் என் கைக்கு வந்தது. "அன்னாசி தொடாத," "மோட்டார்ல ஏறாத," "சாந்தா, அவளுக்கு ஒரு நாக்காலி போடு லா" என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். அத்தை கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அழுதார். நான் மறுத்திருக்க வேண்டும். இன்னும் உறுதியாகவில்லை என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் ஒன்பது வருஷம் கழித்து ஒரு கூட்டம் நம்மைச் சுற்றி நின்று சந்தோஷப்படும்போது எப்படிச் சொல்வது? எனக்கும் அது பிடித்திருந்தது. நாற்காலியில் ராணி மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் பாசிர் பெனம்பாங்கிலிருந்து வேனில் மீன் கொண்டுவரும் சீனக் கிழவருக்கும் விஷயம் தெரிந்திருந்தது. நல்ல மீனாகப் பார்த்துக் கையில் கொடுத்து, காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டார்.

ஏழாம் நாள் காலை இன்னொரு குச்சியை எடுத்தேன். சந்தேகத்தால் இல்லை. இன்னொரு தடவை அந்த இரண்டு கோட்டையும் பார்க்க ஆசை.

ஒரு கோடுதான் வந்தது. ஐந்து நிமிஷம் பார்த்தேன். பத்து நிமிஷம் பார்த்தேன். அடுத்த குச்சியிலும் ஒன்றுதான். அந்த ஒரே ஒரு புள்ளி போய்விட்டது என்று நினைத்தேன். குளியலறைத் தரையில் உட்கார்ந்து, சத்தம் வெளியே கேட்காமல் இருக்கத் தண்ணீரைத் திறந்து விட்டுவிட்டு அழுதேன். பிறகு புவனாவுக்குப் போன் போட்டேன்.

"அக்கா, இன்னிக்கி ஏழாவது நாளு. யாரு ஒங்கள டெஸ்ட் பண்ணச் சொன்னது?"

"மூணாம் நாளு ரெண்டு கோடு வந்துச்சி மிஸ்ஸி. இப்ப இல்ல. போயிருச்சா?"

"ஐயோ அக்கா! நான் அன்னிக்கித் தலகீழா நின்னு சொன்னேனே. நீங்களும் மண்டைய மண்டைய ஆட்டுனிங்களே!"

பிறகு குரலை இறக்கி, நிதானமாகத் திரும்பச் சொன்னாள். கர்ப்பமானால் உடம்பில் எச்.சி.ஜி. என்று ஒரு ஹார்மோன் சுரக்கும். குச்சி அதைத்தான் தேடுகிறது. முட்டைகளைப் பழுக்க வைக்கப் போட்டார்களே கடைசி ஊசி, அதில் இருப்பதும் அதேதான். அது உடம்பை விட்டு முழுதாகப் போக இரண்டு வாரம்வரை ஆகலாம். மூன்றாம் நாள் நான் பார்த்தது பிள்ளை போட்ட கோடு இல்லை, ஊசி போட்ட கோடு.

"அப்ப இப்ப கோடு இல்லன்னா?"

"ஊசி போயிருச்சின்னு அர்த்தம். அதுக்கு மேல ஒண்ணும் அர்த்தம் இல்ல. கரு ஒட்டியிருந்தாலும் இப்பதான் கொஞ்சங்கொஞ்சமா ஹார்மோன் வரும். கடையில விக்கிற குச்சிக்கு அது இன்னும் பத்தாது. இருக்குன்னும் சொல்ல முடியாது, இல்லன்னும் சொல்ல முடியாது. அதுக்குத்தான் பதினாலு நாளு. மருந்த மட்டும் நிறுத்திப்புடாதிங்க, நிறுத்தினிங்கன்னா நான் வீட்டுக்கே வந்துருவேன்."

நிறைய பேர் அப்படி நிறுத்திவிடுகிறார்களாம். ஒற்றைக் கோட்டைப் பார்த்ததும் இனி எதற்கு என்று மருந்தை விட்டுவிடுவது. அன்று காலை வைக்க வேண்டிய மாத்திரையை நான் இன்னும் வைத்திருக்கவில்லை.

போனை வைத்த பிறகுதான் இன்னொன்று உறைத்தது. தோட்டம் முழுக்கச் சொல்லியாகிவிட்டது. ஊசி போட்ட கோட்டுக்கு அம்மன் எலுமிச்சம்பழம் கொடுத்திருக்கிறாள், சாந்தாக்கா குலவை போட்டிருக்கிறார்.

அத்தை அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். ஊசி, குச்சி, என் அவசரம், எல்லாம். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டினால் நன்றாக இருக்கும்போலவும் இருந்தது.

"அப்ப இருக்கா, இல்லியா?"

"தெரியாது அத்தை. இன்னும் ஏழு நாளு போவணும்."

"இல்லன்னு யாரும் சொல்லலல்ல?"

"சொல்லல."

"அப்புறம் ஏன் அழுவுற? போயி மருந்த வையி."

கையைக் கழுவிக்கொண்டு வெளியே போனார். சன்னல் வழியாகப் பார்த்தேன். லயத்தின் இந்த வரிசையில் ஒவ்வொரு வீடாக ஏறி இறங்கினார், பிறகு எதிர் வரிசை. முட்டி வலி உள்ள மனுஷி. என்ன சொன்னார் என்று சாந்தாக்கா எனக்குப் பிறகு சொன்னார். "எங்க பொண்ணுக்கு இன்னும் ரிசால்ட் வரல. நான்தான் அவசரப்பட்டுட்டேன். யாரும் அவகிட்ட எதுவும் கேக்காதிங்க. சாமியக் கும்பிட்டுக்கிங்க, போதும்." நான் செய்த தப்பைத் தன் தலையில் போட்டுக்கொண்டார். அதைக் கேட்டு நான் அழுதது குளியலறையில் அழுதது போன்ற அழுகை இல்லை.

அதற்குப் பிறகு ஒருவர் கேட்க வேண்டுமே! ஒருவரும் கேட்கவில்லை. எடைமேடையில், ஆட்களை வேலை வாங்கும் மண்டோர் என்னைப் பார்த்தால் அவசரமாக மழையைப் பற்றிப் பேசுவார். சாந்தாக்கா ரசம் கொண்டுவந்து வைத்துவிட்டு, உதட்டை இறுக்கிக்கொண்டு, தன் வீட்டுப் பூனையைப் பற்றிக் கால்மணி நேரம் பேசினார். அந்தப் பூனையின் வாழ்க்கை வரலாறு இப்போது எனக்கு அத்துப்படி. மிச்சமிருந்த ஒரு குச்சியைக் கதிர் லோரியில் வைத்துப் பூட்டிவிட்டார். முடி கண்ணில் விழுகிறது, வெட்டிக்கொள்ளட்டுமா என்று அவர் ஒரு நாள் கேட்டார்.

"டாக்டரு இல்லன்னு சொல்லட்டும், அப்புறம் வெட்டு" என்றார் அத்தை.

பதினான்காம் நாள் காலை எட்டு மணிக்குக் கிள்ளானில் இரத்தம் எடுத்தார்கள். குச்சி இருக்கு, இல்லை என்று மட்டும் சொல்லும். இரத்தம் எவ்வளவு என்று எண்ணாகச் சொல்லும். மத்தியானம் போன் வரும் என்றார்கள். வீட்டில் இருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்று நான் ஆபீசுக்கே போனேன். கதிரும் லோரி எடுத்தார். அன்று நான் எழுதிய எடைச்சீட்டுகளில் மூன்றை மறுபடி எழுத வேண்டியிருந்தது.

இரண்டரை மணிக்குப் போன் அடித்தது.

"அக்கா, புவனா பேசுறேன். அறுநூத்தி நாப்பது."

"அப்டின்னா?"

"அஞ்சுக்குக் கீழ இருந்தா இல்லன்னு அர்த்தம். ஒங்களுக்கு அறுநூத்தி நாப்பது. கர்ப்பமா இருக்கிங்க, அக்கா."

"மிஸ்ஸி, இதுவும் ஊசியோடது இல்லியே?"

அந்தப் பக்கம் புவனா சிரித்தாள். "ஏழாம் நாளு கோடு இல்லன்னு அழுதிங்களே, ஞாபகம் இருக்கா? ஊசி போயிருச்சின்னு அன்னிக்கி நீங்களேதான் டெஸ்ட் பண்ணிக் காட்டிட்டிங்க. இது அதுக்கப்புறம் வந்தது. இது ஒங்க பிள்ளயோடது."

இரண்டு நாள் கழித்து மறுபடி இரத்தம் எடுத்தார்கள், எண் இரட்டிப்புக்கு மேல் ஏறியிருந்தது. ஏழாவது வாரம் ஸ்கேனில் நெஞ்சுத் துடிப்பைக் கேட்டோம். இதை எழுதும்போது எனக்கு ஐந்தாம் மாதம், காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்து எழுதுகிறேன். அதெல்லாம் பிறகு. அன்றைக்கு, போனைக் கையில் பிடித்தபடியே நான் ஆபீசை விட்டு வெளியே வந்தபோது, எடைமேடையில் கதிருடைய லோரிதான் நின்றிருந்தது. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. பின்னால் நான்கு லோரி வரிசையில். நான் ஏறுபடியைப் பிடித்துக்கொண்டு நின்று சொன்னேன். அவருக்குக் கேட்கவில்லை. எஞ்சினை நிறுத்தினார். மறுபடி சொன்னேன்.

"இன்னொரு தடவ சொல்லு."

சொன்னேன்.

"இன்னொரு தடவ, வாசு."

பின்னால் நின்ற லோரிக்காரர்கள் ஹார்ன் அடிக்க ஆரம்பித்தார்கள். அவர் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டே இருந்தார். நானும் சொல்லிக்கொண்டே இருந்தேன்.